லூயி மாலின் ‘ஓ ரெவுவார் லே ஸான்ஃபான்’: படம் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது என்ன படம்?

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் எழுதி, தயாரித்து, இயக்கி 1987இல் வெளியிட்ட படம். தலைப்புக்கு ‘போய்வருகிறேன், பிள்ளைகளே’ என்று பொருள். 104 நிமிடங்கள் ஓடும். ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த பிரான்ஸில், 1944 ஜனவரியில், பாரிஸுக்குத் தெற்கே இருந்த ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் நடப்பதைச் சொல்கிறது. போர்ப் படம் என்று பட்டியலிடுகிறார்கள். ஆனால் துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். பனி உறைந்த முற்றம், கஞ்சி வாடை அடிக்கும் உணவுக்கூடம், லத்தீன் பாடம், முட்டிக்கால் சிராய்ப்பு என்று ஒரு பள்ளியின் அன்றாடமே படத்தின் பெரும்பகுதி.

கீழே உள்ள பதில்களில் முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

விடுமுறை முடிந்து ரயில் நிலையத்தில் அம்மாவை விட்டுப் பிரிய மனமில்லாமல் நிற்கிறான் ழூலியன். பதினோரு பன்னிரண்டு வயது. வசதியான வீட்டுப் பிள்ளை, வகுப்பில் கெட்டிக்காரன். இரவில் படுக்கையை நனைத்துவிடுவான், அது வெளியே தெரியக்கூடாது என்று தவிப்பான். பள்ளிக்குப் போன முதல் நாளே, தலைமை ஆசிரியரான அருட்தந்தை ழான் புதிய மாணவர்கள் மூவரை அழைத்துவருகிறார். அவர்களில் ஒருவனான போனேக்கு ழூலியனின் பக்கத்துக் கட்டில்.

போனே கணக்கில் சூரன். பியானோவில் கை வைத்தால் ஆசிரியையே நிமிர்ந்து பார்க்கிறார். ழூலியனுக்கு முதலில் பொறாமை, பிறகு சந்தேகம். போனேயின் வீட்டிலிருந்து கடிதம் வருவதில்லை. எல்லோரும் சொல்லும் செபத்தை அவன் சொல்வதில்லை. கேட்டால், தான் புரொட்டஸ்டன்ட் என்கிறான். ஒரு நள்ளிரவில் அவன் கட்டிலருகே இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி முணுமுணுப்பதை ழூலியன் பார்க்கிறான். இன்னொரு நாள் அவனுடைய அலமாரியைத் துழாவி, ஒரு புத்தகத்தில் ‘கிப்பெல்ஸ்டைன்’ என்ற பெயரைக் கண்டுபிடிக்கிறான். போனே யூதன், பெயர் மாற்றி ஒளித்துவைக்கப்பட்டவன். காட்டில் இருவரும் வழிதவறி இருட்டில் அலைந்த பிறகு நட்பு வேர்பிடிக்கிறது. பள்ளிச் சமையலறை எடுபிடி ஜோசப் கள்ளச்சந்தை வியாபாரத்துக்காக வேலையிலிருந்து விரட்டப்படுகிறான். அவன் ஜெர்மானிய ரகசியப் போலீசான கெஸ்டபோவிடம் போகிறான். மூன்று சிறுவர்களும் அருட்தந்தையும் கைது செய்யப்படுகிறார்கள்.

பிள்ளைகள் ஏன் பாரிஸை விட்டு அங்கே அனுப்பப்பட்டார்கள்?

இங்கிலாந்தில் 1939 செப்டம்பரில் அரசே முன்னின்று, சில நாட்களுக்குள் ஏறக்குறைய 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பியது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். பிரான்ஸில் அந்த அளவுக்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லை. 1940இல் ஜெர்மானியர் நெருங்கியபோது லட்சக்கணக்கானோர் சாலைகளில் கிடைத்த வண்டியில் ஏறித் தெற்கே ஓடினார்கள், பிறகு பலர் திரும்பினார்கள். 1942 மார்ச்சில் பாரிஸை ஒட்டிய பூலோஞ்-பியாங்கூரில் இருந்த ரெனோ தொழிற்சாலை மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசிய பிறகு, தலைநகரமும் அதன் சுற்றுப்புறமும் பாதுகாப்பானவை என்ற நம்பிக்கை உடைந்தது. ரேஷனும் போதவில்லை. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை ஊருக்கு வெளியே விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். ழூலியனும் அவன் அண்ணன் ஃபிரான்சுவாவும் அப்படிப் போனவர்கள்தான்.

படத்தை மீண்டும் பார்க்கும்போதுதான் இதன் கனம் தெரிகிறது. அந்த உறங்குகூடத்தில் வரிசையாகக் கிடக்கும் கட்டில்களில் எல்லோரும் வீட்டை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகள்தான். ழூலியன் அழுகிறான், அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறான், பெற்றோர் தினத்தில் அவரைக் கட்டிக்கொள்கிறான். போனேயின் அப்பா சிறையில், அம்மாவிடமிருந்து செய்தி நின்றுபோய்விட்டது. பிரிவு என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்று ழூலியன் நினைத்துக்கொண்டிருக்கிறான், பக்கத்துக் கட்டிலில் இருப்பவனின் பிரிவு எத்தகையது என்று புரியும் வரை.

அன்று பிரான்ஸில் யூதர்களின் நிலை என்ன?

1940 அக்டோபரிலேயே ஜெர்மானியரோடு ஒத்துழைத்த மார்ஷல் பெத்தேனின் விஷி அரசு, யூதர்களை அரசுப் பணி, ஆசிரியர் பணி, பத்திரிகைத் துறை முதலியவற்றிலிருந்து விலக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1942 ஜூனில் ஜெர்மானியப் பிடியில் இருந்த வட பகுதியில், ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்றாயிற்று. அதே ஆண்டு ஜூலை 16, 17 தேதிகளில் பிரெஞ்சுப் போலீசாரே பாரிஸிலும் புறநகர்களிலும் வீடு வீடாகப் போய் ஏறக்குறைய 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். அவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குடும்பங்களை உள்ளரங்க சைக்கிள் பந்தய மைதானம் ஒன்றில் அடைத்தார்கள். மொத்தத்தில் பிரான்ஸிலிருந்து முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர். உயிரோடு திரும்பியவர்கள் சில ஆயிரம் மட்டுமே.

இந்தச் சூழலில்தான் மடங்களும், கிராமத்துப் பண்ணைகளும், விடுதிப் பள்ளிகளும் யூதப் பிள்ளைகளை வேறு பெயரில் மறைத்துவைத்தன. எல்லா இடத்திலும் அது பலிக்கவில்லை. லியோன் நகரின் கெஸ்டபோ தலைவன் க்ளவுஸ் பார்பியின் உத்தரவில், 1944 ஏப்ரல் 6ஆம் தேதி இசியே என்ற ஊரில் இருந்த பிள்ளைகள் இல்லத்திலிருந்து 44 குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்தப் படம் வெளிவந்த அதே 1987இல்தான் பார்பி மீதான வழக்கு லியோனில் நடந்து, ஜூலையில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அக்டோபரில் திரையரங்குக்குப் போன பிரெஞ்சு மக்கள், கோடையெல்லாம் நீதிமன்றச் செய்திகளைப் படித்துவிட்டுப் போனவர்கள்.

இது உண்மைக் கதையா?

ஆம். லூயி மால் 1932இல் பிறந்தவர். அவருடைய தாய் பெகான் என்ற பெரிய சர்க்கரை ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஃபோந்தேன்ப்ளோவை அடுத்த அவோனில் கார்மேல் சபைத் துறவியர் நடத்திய பள்ளியில் மால் படித்துக்கொண்டிருந்தபோது, 1944 ஜனவரி 15ஆம் தேதி கெஸ்டபோவினர் உள்ளே நுழைந்தார்கள். அங்கே ஒளித்துவைக்கப்பட்டிருந்த மூன்று யூதச் சிறுவர்களையும் தலைமை ஆசிரியரையும் கைது செய்தார்கள். மாலுக்கு அப்போது 11 வயது.

அந்தச் சிறுவர்களின் பெயர்கள் ஹான்ஸ் ஹெல்முட் மிஷேல், ழாக் ஹால்பெர்ன், மொரிஸ் ஷ்லோசர். போனே பாத்திரத்துக்கு மூலம் மிஷேல். 1944 பிப்ரவரி 3ஆம் தேதி பாரிஸை அடுத்த டிரான்சி முகாமிலிருந்து புறப்பட்ட ரயிலில் அவர்களை நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் கொன்றுவிட்டார்கள். வகுப்பறையில் பிடிபட்ட நாளுக்கும் மரணத்துக்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. பள்ளியில் கற்பித்துவந்த லூசியன் வெய்ல் என்ற யூத ஆசிரியரும் கைதாகி ஆஷ்விட்ஸில் மாண்டார். அவருடைய முடிவைப் படம் சொல்லவில்லை. அதில் வரும் ஆசிரியர் மொரோ தப்பித்துவிடுகிறார்.

அப்படியானால் எதெல்லாம் கற்பனை?

நெருங்கிய நட்பு பெருமளவும் கற்பனை. நிஜத்தில் அந்தப் பையனோடு தனக்கு அவ்வளவு நெருக்கம் இருக்கவில்லை என்று மாலே சொல்லியிருக்கிறார். வகுப்பறையில் ழூலியன் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணமும் அவர் சேர்த்தது. ஜோசப்பும் பெரிதும் கதைக்காக உருவானவன்.

இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது, ஏதோ ஏமாற்றப்பட்டதுபோல. நான் அப்படிப் பார்க்கவில்லை. பதினோரு வயதில் ஒரு பையனை அருகிலேயே வைத்துக்கொண்டு அவனோடு பெரிதாகப் பேசிப் பழகாமல் விட்டுவிட்டோமே என்ற குறை ஒருவருக்கு நாற்பது ஆண்டுகள் இருந்திருந்தால், படமெடுக்க வாய்க்கும்போது அவர் என்ன செய்வார்? அந்த நட்பை உண்டாக்கித்தான் தருவார். காட்டில் வழிதவறிய இரவு, இருவரும் போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் படிக்கும் ஆயிரத்தொரு இரவுக் கதைகள், விமானத் தாக்குதல் நேரத்தில் எல்லோரும் நிலவறைக்குள் ஓடிவிட, இரண்டு பேர் மட்டும் ஒரே பியானோவில் நான்கு கைகளால் குதூகலமாக வாசிப்பது, இவை எல்லாம் அந்தப் பையனுக்குக் காலம் தாழ்த்திக் கொடுக்கப்பட்டவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அருட்தந்தை ழான் பாத்திரம் யாரை வைத்து எழுதப்பட்டது?

அருட்தந்தை ழாக். இயற்பெயர் லூசியன் புனெல், பிறப்பு 1900. எளிய தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவர், கார்மேல் சபையில் சேர்ந்தவர், அவோன் பள்ளியை 1934 முதல் நடத்தியவர். ஒளிந்திருந்தவர்களுக்கு இடம் கொடுத்தது மட்டுமல்லாமல், ஜெர்மானியரை மறைவாக எதிர்த்துவந்த எதிர்ப்பு இயக்கத்துடனும் தொடர்பு வைத்திருந்தார். கைதான பிறகு முகாம் முகாமாக மாற்றப்பட்டு ஆஸ்திரியாவில் இருந்த மௌட்ஹவுசன் வதைமுகாமுக்கும் அதன் கிளையான கூசனுக்கும் கொண்டுபோகப்பட்டார். 1945 மே மாதம் அமெரிக்கப் படை முகாமை மீட்டபோது உயிரோடுதான் இருந்தார். ஆனால் உடல் முற்றிலும் உருக்குலைந்திருந்தது. ஜூன் 2ஆம் தேதி ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இறந்தார். 1985இல் இஸ்ரேலின் யாத் வாஷேம் நிறுவனம், யூதர்களைக் காப்பாற்றிய பிற மதத்தவர்களுக்கு அளிக்கும் ‘நாடுகளிடையே நீதிமான்’ என்ற மதிப்பை அவருக்கு அளித்தது.

நற்கருணைக் காட்சியில் என்ன நடக்கிறது? புரியவில்லையே.

கத்தோலிக்கர் அல்லாத பார்வையாளர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. பெற்றோர் தினத் திருப்பலி. மாணவர்கள் வரிசையாக முழந்தாளிட்டு நற்கருணையை, அதாவது இயேசுவின் உடல் என்று கத்தோலிக்கர் நம்பும் அப்பத்தை, வாங்குகிறார்கள். போனேயும் திடீரென்று எழுந்துபோய் ழூலியனுக்குப் பக்கத்தில் முழந்தாளிடுகிறான். அப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் அருட்தந்தை ழான் அவன் முகத்தைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்குகிறார். பிறகு அதை அவனுக்குக் கொடுக்காமல் அடுத்தவனுக்குப் போய்விடுகிறார்.

திருமுழுக்குப் பெறாதவருக்கு நற்கருணை கொடுக்க ஒரு குருவுக்கு அனுமதி இல்லை. கொடுத்தால் அவர் தன் நம்பிக்கைக்கு மாறாக நடந்தவராவார், அந்தப் பையனின் மதத்தையும் மதிக்காதவராவார். கொடுக்காவிட்டால், எல்லாப் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவன் வேறு ஆள் என்பது அம்பலமாகிவிடலாம். போனே ஏன் போனான்? தன்மீது சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகவா, எல்லோரையும்போல ஒரு முறையாவது இருந்துபார்க்க வேண்டும் என்ற ஆசையா? படம் சொல்வதில்லை. இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன், அந்தக் காட்சியில் அவன் முகத்தில் பயம் தெரியவில்லை.

யூத வெறுப்பைப் படம் எப்படிக் காட்டுகிறது? கொடூரமான காட்சி எதுவும் இல்லையே?

இல்லை என்பதுதான் இதன் பலம். வெறுப்பு இந்தப் படத்தில் மனிதர்கள் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் பேசும்போதும் சாதாரணமாக வந்துபோகிறது. மாணவர்களை ஊரிலுள்ள பொதுக் குளியலறைக்கு அழைத்துப்போகிறார்கள். யூதர்களுக்கு அனுமதி இல்லை என்று அங்கே அறிவிப்பு. சட்டையில் மஞ்சள் நட்சத்திரத்தோடு ஓர் இளைஞன் உள்ளேயிருந்து வெளியே வருகிறான், பனியில் நடந்து போய்விடுகிறான். காமிரா அதற்கு மேல் அதை அழுத்திக் காட்டுவதில்லை.

யூதர் என்றால் யார் என்று ழூலியன் அண்ணனிடம் கேட்கிறான். பன்றி இறைச்சி தின்னாதவன் என்கிறான் ஃபிரான்சுவா. அவர்கள்மேல் ஏன் கோபம் என்றால், நம்மைவிடப் புத்திசாலிகளாக இருக்கிறார்கள், அதோடு இயேசுவைச் சிலுவையில் அறைந்துவிட்டார்கள் என்கிறான். அதைச் செய்தவர்கள் உரோமையர் அல்லவா என்று தம்பி திருப்பிக் கேட்கிறான். மறைக்கல்வி வகுப்பில் ஒழுங்காகக் கவனித்த பிள்ளை! ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு வெறுப்பை எப்படிக் கைமாற்றுகிறது என்பதற்கு இவ்வளவு துல்லியமான அரை நிமிடத்தை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை. கைமாற்றுகிற அந்த அண்ணனுக்கு யார்மீதும் தனிப்பட்ட பகை இல்லை. எங்கேயோ கேட்டதை ஒப்பிக்கிறான், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் உணவகக் காட்சி. ழூலியனின் அம்மா தன் பிள்ளைகளோடு போனேயையும் நல்ல உணவகம் ஒன்றுக்கு அழைத்துப்போகிறார். விஷி அரசின் துணைப்படையான மிலீஸ் ஆட்கள் இருவர் நுழைந்து, மரியாதையாக உடுத்திய முதியவர் ஒருவரிடம் அடையாள அட்டை கேட்கிறார்கள். அவர் யூதர், பல ஆண்டுகளாக அங்கே சாப்பிட வருகிறவர். அவரை வெளியேற்றச் சொல்லிக் கத்துகிறார்கள். உணவகத்தில் சிலர் மிலீஸைத் திட்டுகிறார்கள், சிலர் யூதரைத் திட்டுகிறார்கள். கடைசியில் பக்கத்து மேசையில் இருந்த ஜெர்மானிய அதிகாரி ஒருவர் எழுந்து, அந்த மிலீஸ் ஆட்களைத்தான் வெளியே போகச் சொல்கிறார்.

பரபரப்பு அடங்கியதும், நம் குடும்பத்திலும் யூத ரத்தம் உண்டா என்று பேச்சு வருகிறது. அம்மா பதறி மறுக்கிறார். யூதர்கள்மேல் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்கிறார். அந்த லேயோன் ப்ளூமைத் தவிர, அவரை வேண்டுமானால் தூக்கில் போடட்டும் என்கிறார். ப்ளூம் 1936இல் பிரான்ஸின் முதல் யூதப் பிரதமரானவர், தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தவர். அம்மா இதைச் சொல்லும் நேரத்தில் அவர் புகென்வால்ட் வதைமுகாமில் ஜெர்மானியரின் கைதி. மேசையின் மறுபக்கத்தில் போனே தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அந்த அம்மா அன்பானவர், போனேயை வாஞ்சையோடு நடத்துகிறவர், அவனுக்கும் சேர்த்து உணவு வாங்கிக்கொடுப்பவர். அவர் வாயிலிருந்து இது வருவதால்தான் நமக்கு உறைக்கிறது.

ஜெர்மானியர்களை நல்லவர்களாகக் காட்டுவது நியாயமா?

நல்லவர்களாகக் காட்டவில்லை, சீருடைக்குள் இருக்கும் ஆட்களாகக் காட்டுகிறது. காட்டில் வழிதவறிய பையன்களைக் கண்டுபிடித்துப் போர்வை போர்த்திப் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறவர்கள் ஜெர்மானியச் சிப்பாய்கள்தான். தாங்கள் பவேரியாக்காரர்கள், கத்தோலிக்கர்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்களைப் பார்த்ததும் போனே தலைதெறிக்க ஓடுகிறான். அவர்களுக்குக் காரணம் புரியவில்லை, நமக்குப் புரிகிறது. உணவக அதிகாரிகூட எதிர்மேசையில் இருக்கும் அழகான பெண்மணிக்கு முன் பெருந்தன்மை காட்டத்தான் அப்படிச் செய்தார் என்று எண்ண இடமிருக்கிறது. வேட்டையைத் தொடங்கிவைக்கிறவர்கள் அங்கே பிரெஞ்சுக்காரர்கள் என்பதே மால் தன் நாட்டவருக்கு முன் வைத்த செய்தி. பிரெஞ்சு அரசுக்கு இதில் இருந்த பொறுப்பைக் குடியரசுத் தலைவர் ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995 ஜூலையில், ழாக் சிராக்கின் உரையில்தான்.

ஜோசப் துரோகிதானே? அவனுக்காக ஏன் பரிதாபப்பட வேண்டும்?

என்னிடம் அதிகம் பேர் சண்டைக்கு வருவது இந்தக் கேள்வியில்தான். ஜோசப் செய்தது துரோகம், அதில் சந்தேகமே இல்லை. அவன் வாய் திறந்ததால் மூன்று பிள்ளைகளும் ஒரு குருவும் செத்தார்கள். ஆனால் படம் அதை மட்டும் சொல்லிவிட்டு நின்றுகொள்ளவில்லை.

அவன் எப்படி இருந்தான் என்று பாருங்கள். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் ஏழைப் பையன், மாணவர்களைவிடச் சில வயது மூத்தவன். சமையலறையில் பாத்திரம் கழுவுகிறான். பணக்காரப் பிள்ளைகள் அவன் நடையைக் கேலி செய்கிறார்கள், இடித்துத் தள்ளுகிறார்கள். ஆனால் வீட்டிலிருந்து வரும் ஜாமையும் சர்க்கரையையும் கொடுத்துத் தபால்தலையும் சிகரெட்டும் வாங்க அவன்தான் வேண்டும். ழூலியனே அவனிடம் ஜாம் விற்றவன். சமையலறையில் ஜோசப் திருடியது வெளியானதும் விசாரணை நடக்கிறது. வியாபாரத்தில் பங்குகொண்டவர்கள் எல்லோரும் அருட்தந்தை முன் நிற்கிறார்கள். நியாயப்படி உங்களையும் வெளியே அனுப்ப வேண்டும், உங்கள் பெற்றோருக்காக விடுகிறேன் என்கிறார். அவர்களுக்குத் தண்டனை ஈஸ்டர் வரை வெளியே போகக்கூடாது என்பது. ஜோசப்புக்கு வேலை போய்விடுகிறது. தான் அநீதி செய்வது அருட்தந்தைக்கே தெரியும், சொல்லவும் செய்கிறார். எங்கே போவேன், படுக்க இடம்கூட இல்லையே என்று ஜோசப் அழுகிறான்.

சில காட்சிகளுக்கு முன்புதான் அதே அருட்தந்தை, பணக்காரப் பெற்றோர்கள் முகத்துக்கு நேரே, பணக்காரன் விண்ணரசில் நுழைவதைவிட ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்று மறையுரை நிகழ்த்தினார். ஒருவர் எழுந்தே போய்விட்டார். யூதப் பிள்ளைகளுக்காக உயிரைப் பணயம் வைத்த மனிதர். அந்த மனிதருக்கே, காசுள்ள வீட்டுப் பிள்ளையையும் கதியற்ற சமையலறைப் பையனையும் ஒரே தராசில் நிறுக்க முடியவில்லை. கெஸ்டபோ உள்ளே வர வழி திறந்தது அந்த இடத்தில். இந்தப் படத்தை யூதர்கள் துன்புற்ற கதை என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணம் இதுதான். ஒருவனை இழிவாக நடத்தப் பழகிய இடத்தில் இன்னொருவனை முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை.

கைதான அன்று ஜெர்மானியர்களோடு நிற்கும் ஜோசப்பை ழூலியன் பார்க்கிறான். அவன் சிகரெட் நீட்டுகிறான். என்னை விரட்டியிருக்காவிட்டால் இது நடந்திருக்காது என்கிறான். அவர்கள் வெறும் யூதர்கள்தானே, கவலைப்படாதே என்று ஆறுதல் வேறு சொல்கிறான். உணவக மேசையில் அம்மா பேசியதும் கட்டாந்தரையில் நின்று ஜோசப் பேசுவதும் ஒரே பேச்சு. இவன் அதைச் செயலில் காட்டிவிட்டான்.

போனேயைக் காட்டிக்கொடுத்தது ழூலியனின் பார்வையா?

கெஸ்டபோ அதிகாரி முல்லர் வகுப்புக்குள் வருகிறார். கிப்பெல்ஸ்டைன் யார் என்கிறார். அப்படி யாரும் இல்லை என்கிறார் ஆசிரியர். சுவரில் போர்முனைகளைக் குறித்துக் கொடி குத்திய வரைபடம். முல்லர் அதனருகே போய்க் கொடிகளைப் பிடுங்கத் தொடங்குகிறார். அவர் முதுகு திரும்பியிருக்கும் அந்த நேரத்தில், ழூலியன் தன்னை அறியாமல் போனேயைத் திரும்பிப் பார்க்கிறான். முல்லர் அதைப் பார்த்துவிடுகிறார். போனே மேசையில் இருப்பதை ஒழுங்காக எடுத்துவைத்துவிட்டு, அருகில் இருப்பவர்களின் கையைக் குலுக்கிவிட்டுப் போகிறான்.

கதையின் தர்க்கப்படி, பார்த்திருக்காவிட்டாலும் அவன் தப்பியிருக்க மாட்டான். பெயர் தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். பெட்டி கட்டும்போது போனேயே ழூலியனிடம் இதைத்தான் சொல்கிறான். எப்படியும் பிடித்திருப்பார்கள், வருந்தாதே என்கிறான், தன் புத்தகங்களைக் கொடுத்துவிடுகிறான். சாகப்போகிறவன் இருக்கப்போகிறவனுக்குத் தேறுதல் சொல்கிறான்.

ஆனால் ழூலியனுக்கு அது போதாது. நண்பனைப் பற்றிய பயத்தில் பார்த்த பார்வை எதிரிக்கு உதவிவிட்டது. கெட்டவனாக இல்லாமலே கேட்டுக்கு உடந்தையாக முடியும் என்பதை அவன் அந்த வகுப்பறையில் தெரிந்துகொள்கிறான். மருத்துவ அறையில் நடப்பதும் அதே வகை. பயந்துபோன கன்னியாஸ்திரீ ஒருவர், ஒளிந்திருக்கும் பையன் எங்கே என்று சைகையால் காட்டிவிடுகிறார். அவரும் கொடியவர் அல்லர்.

படத்தில் வரும் இசையும் ஊமைப்படமும் என்ன?

போனே வாசிப்பது ஷூபர்ட்டின் ‘மொமான் முஸிகால்’ வரிசையின் இரண்டாவது துண்டு. அதே துண்டை ழூலியன் தட்டுத்தடுமாறி வாசித்துப் பாழாக்குவதையும் கேட்கிறோம். பியானோ ஆசிரியையாக வருபவர் இரேன் ழாக்கோப், அவருக்கு இது முதல் படம். மாணவர்களுக்குப் போட்டுக்காட்டப்படுவது 1917இல் வந்த சாப்ளினின் ‘இமிக்ரன்ட்’. வயலினும் பியானோவும் சேர்ந்து சேன்-சான்ஸின் இசையை நேரடியாக வாசிக்கிறார்கள். குருமார், மாணவர்கள், ஜோசப் என எல்லோரும் ஒன்றாகச் சிரிக்கிறார்கள். கப்பலில் வந்த ஏழைகள் சுதந்திர தேவி சிலையைப் பார்க்கும் இடம் வந்ததும் போனேயின் முகத்தைக் கவனியுங்கள்.

சிறுவர்கள் நடித்த அனுபவம் உள்ளவர்களா?

ழூலியனாக வரும் கஸ்பார் மனேஸுக்கும் போனேயாக வரும் ரஃபாயேல் ஃபெய்தோவுக்கும் இது முதல் படம். கண்ணீர் வரவழைக்கும் நடிப்பு எதையும் மால் அவர்களிடம் கேட்கவில்லை. ஒளிப்பதிவு ரெனாத்தோ பெர்த்தா. நீலமும் சாம்பலும் கலந்த அந்தக் குளிர் நிறத்தைச் சிவப்பு எதுவும் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார், ரயில் நிலையத்தில் அம்மா முத்தமிட்டுப் பதிக்கும் உதட்டுச்சாயத்தைத் தவிர. படப்பிடிப்பு ப்ரொவான் நகரத்தில் நடந்தது.

விருதுகள்?

1987 வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம். அடுத்த ஆண்டு பிரான்ஸின் சேஸார் விருதுகளில் சிறந்த படம், இயக்கம் உட்பட ஏழு. ஆஸ்கரில் வெளிநாட்டுப் படத்துக்கும் திரைக்கதைக்கும் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை.

லூயி மால் சென்னைக்கு வந்தவர்தானே?

ஆம். 1968இல் இந்தியா முழுவதும் சுற்றி அவர் எடுத்த ஆவணத் தொடரின் ஒரு பகுதி முழுக்கச் சென்னையைப் பற்றியது. கோயில் தேரோட்டமும் கலாக்ஷேத்திராவும் அதில் உண்டு. அந்தத் தொடரை பிபிசி ஒளிபரப்பியபோது, வறுமையை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று சினந்து இந்திய அரசு 1970இல் பிபிசியின் டெல்லி அலுவலகத்தை மூடவைத்தது. தேரோட்டத்தை அவர் படம்பிடித்திருக்கும் பொறுமையைப் பார்த்தவர்களுக்கு, உறங்குகூடத்தில் போர்வை மடிக்கும் பையன்களை அவர் காட்டும் விதம் பழக்கமானதாகத் தோன்றும்.

கடைசியில் கேட்கும் குரல் யாருடையது?

மாலின் குரல். மூன்று பையன்களும் ஆஷ்விட்ஸில் இறந்ததை, படத்தின் அருட்தந்தை ழான் மௌட்ஹவுசனில் இறந்ததை, பள்ளி அந்த அக்டோபரிலேயே மீண்டும் திறக்கப்பட்டதைச் சொல்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த ஜனவரிக் காலையின் ஒவ்வொரு நொடியும் சாகும்வரை தன் நினைவில் இருக்கும் என்கிறார். 1995இல் அவர் இறந்தார்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பன்னிரண்டு வயதிலிருந்து காட்டலாம் என்பேன். ரத்தம் இல்லை. சிறுவர்கள் ஆபாசமாகப் பேசிக்கொள்வது சில இடங்களில் வரும். பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துவிட்டு எழுந்துபோகாதீர்கள். ஆஷ்விட்ஸ் என்றால் என்ன என்பதை முன்கூட்டியே இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இறுதி அறிவிப்பு அவர்களுக்குப் புரியாமல் போகும். படம் முடிந்த பிறகு ஜோசப்பைப் பற்றிக் கேளுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் அவனை நன்றாகக் கவனித்திருப்பார்கள்.

இதற்குப் பிறகு எதைப் பார்க்கலாம்?

மாலின் ‘லக்கோம்ப் லூசியன்’, 1974இல் வந்தது. திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பத்ரிக் மோதியானோ. எதிர்ப்பு இயக்கத்தில் சேரப் போய், சிறுவன் என்று மறுக்கப்பட்ட ஒரு கிராமத்துப் பையன் ஜெர்மானியருக்கு வேலைசெய்யும் போலீஸில் சேர்ந்துவிடுவதுதான் கதை. பிரான்ஸில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜோசப்பைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.